பதினான்காம் காம்பிராவுக்கு இரண்டு பதிவு

கூட்டறிக்கை எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பத்து நான்கு வருடங்கள் அரசாங்கக் கந்தோர்களில் அதைத்தான் செய்தேன். பத்துப் பேர் இரண்டு மணிநேரம் சண்டை பிடித்ததை "நீண்ட கலந்துரையாடலின் பின் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் அடக்கிவிடுவதற்குப் பெயர்தான் கூட்டறிக்கை. சண்டை வெளியே தெரிந்தால் எழுதியவருக்கு வேலை தெரியாது என்று அர்த்தம்.

அந்தப் பெண் எங்கள் சங்கத்துக்கு வந்த இரண்டாவது கூட்டத்தில், முதல் கூட்டத்தின் அறிக்கையைச் செயலாளரான நான் வாசித்து முடித்ததும் கையை உயர்த்தினார்.

"சேர், டொக்டர் வேணாம்னு சொன்னது இதுல இல்லையே."

"பொறகு ஒத்துக்கிட்டாரே, மிஸ்."

"ஒத்துக்கல்ல சேர். அஞ்சு மணியாச்சுன்னு எழும்பிப் போனாரு."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் கதிரையில் இருந்த டொக்டரும் சிரித்தார். "ஓம், அது உண்மைதான்" என்றார். ஓய்வுபெற்று இருபது வருடமாகக் கண்டியிலேயே இருந்தாலும் யாழ்ப்பாணத்தை அவர் நாக்கிலிருந்து இறக்கி வைக்கவில்லை.

"ரெண்டையும் வைங்க சேர்" என்றார் அந்தப் பெண். "தீர்மானிச்சதும் இருக்கட்டும். வேணாம்னதும் இருக்கட்டும்."

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், அப்படித்தான் நடந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்பார். அப்போது அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்து, படித்து, பல்லேகலையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலையில் இருந்தார். சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, கட்டுக்கலையில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் சங்கத்துக்கு வருவார். சம்பளம் கிடையாது. மழைக்காலத்தில் மலை சரியும் என்று எச்சரிக்கை வந்தால் தோட்டத்துச் சனங்களைப் பாடசாலைக்கும் கோவில் மண்டபத்துக்கும் இறக்கி வைப்பது எங்கள் வேலை. யார் இறங்கிவிட்டார்கள், யார் இன்னும் மேலே இருக்கிறார்கள் என்பதை அதுவரை கொப்பியில் எழுதிவந்தோம். கொப்பி நனைந்துபோகும். அதனால் ஒரு செயலி செய்வதென்று முடிவாகி, அதற்காக அவரைப் பிடித்தோம்.

அவர் வைத்திருந்த குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு கீறப்பட்டிருக்கும். ஒருவர் சொன்னது இடப்பக்கம், மற்றவர் சொன்னது வலப்பக்கம். எதையும் அடிக்க மாட்டார். நீங்கள் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் "சரி" என்ற சொல் அவர் வாயில் வராது. "இருக்கலாம் சேர்" என்பார். அந்த "இருக்கலாம்" எனக்கு நெஞ்செரிச்சல் மாதிரி.

ஒருமுறை வீட்டுக்கு வந்தார். என் மனைவி தேநீர் ஊற்றப் போனாள். எனக்குச் சீனி போடலாம் என்றேன். "அவரு பேச்சக் கேக்காதீங்க மகள், போடவே கூடாது" என்றாள் மனைவி. வேறு யாராக இருந்தாலும் ஒரு பக்கம் சாய்ந்து புன்னகைத்திருப்பார்கள். இவர் மிகவும் மரியாதையாக, "கடைசி ரிப்போட்டு எங்க மெடம்?" என்று கேட்டார். ரிப்போட் எடுத்து மூன்று மாதம். "அப்ப இன்னிக்கு எப்படின்னு ரெண்டு பேருக்குமே தெரியாது" என்றார். அன்று எனக்குச் சீனி கிடைக்கவில்லை. மறுநாள் இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியதாயிற்று.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு பிறந்த திகதி. தோட்டத்தின் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்துப் பதிவில் இன்னொன்று, இரண்டுக்கும் ஏழு வாரம் வித்தியாசம். பிறந்ததைப் பதியத் தகப்பனுக்குப் பிந்திவிட்டது, கந்தோரில் ஒருவர் தனக்கு வசதியான திகதியைப் போட்டுவிட்டார்.

"ஒராளுக்கு ஒரு பொறந்த நாள்தானே மிஸ் இருக்க முடியும்?"

"ஒன்னுதான் சேர். எதுன்னு தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதக் கூடாதுல்ல?"

அந்தக் காலத்தில் அப்படியான மேசைகளில் நானும் இருந்திருக்கிறேன். எந்த மேசை, எந்த வருடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செயலிக்கு எந்த டேட்டாபேஸ் என்பதைத் தெரிவு செய்வதில்தான் முதல் மோதல் வந்தது. வழமையான, கட்டம் கட்டிய அட்டவணையில் எழுதுகிற டேட்டாபேஸ் இதற்குத் தோதில்லை என்று சொல்லியிருந்தார். ஒரு குடும்பத்துக்கு நோயாளி விபரம் இருக்கும், இன்னொன்றுக்கு மாடு இருக்கும், ஒரே கட்டத்துக்குள் எல்லாம் அடங்காது. தவிர, சிக்னல் இல்லாத இடத்தில் தொண்டர் கையிலுள்ள ஒவ்வொரு டெப்பும், அதாவது கைக்கணினியும், தனியாக எழுதிக்கொண்டு பிறகு ஒன்றுசேர வேண்டும். கட்டம் கட்டாத டேட்டாபேஸ்களுக்கு நோஎஸ்கியூஎல் என்று பொதுப்பெயர். அதிலும் நாலு சாதி. சாவியைக் கொடுத்தால் பொருளைத் தருவது ஒன்று, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் மாதிரி வைத்துக்கொள்வது ஒன்று, கோடிக்கணக்கான அளவீடுகளை வரிசையாக அடுக்குவது ஒன்று, யாருக்கு யார் உறவு என்று வலை பின்னுவது ஒன்று.

நான் முறைப்படி ஒரு மதிப்பீட்டுப் படிவம் தயாரித்தேன். வேகம், கொள்ளளவு, பாவிப்பவர்களின் தொகை, பராமரிப்பு, மொத்தம் நூறு புள்ளி. தாள் மாதிரி வைக்கும் சாதியில் இரண்டு கடைசிச் சுற்றுக்கு வந்தன. வேகமான ஒன்று எண்பதைத் தாண்டியது. அது டொக்டரின் தெரிவு. "என்ர மகன் லண்டனிலை இதைத்தான் பாவிக்கிறான்" என்பது அவருடைய தொழினுட்பக் காரணம். மற்றது மெதுவானது, பார்வைக்கும் லட்சணமில்லை. அதுதான் இவருடைய தெரிவு.

"படிவத்துல ஒரு கட்டம் குறையுது சேர்" என்றார். "சிக்னல் இல்லாத நேரம் ரெண்டு பேரு ஒரே வீட்டப் பத்தி ரெண்டு மாதிரி எழுதினா, எத வச்சிக்கும்?"

"அது சின்ன விசயம்" என்றார் டொக்டர்.

"இருக்கலாம் டொக்டர். ஒருக்கா பாப்போமா?"

இரண்டு போன்களை எடுத்துச் சிக்னலை நிறுத்தினார். ஒன்றை டொக்டரிடம் கொடுத்து, ஏதாவது ஒரு காம்பிராவுக்கு 'வரவில்லை' என்று போடச் சொன்னார். காம்பிரா என்றால் லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த ஓர் அறை. மூன்று நிமிடம் கழித்து அதே காம்பிராவுக்கு என்னை 'வந்தாச்சு' என்று போடச் சொன்னார். பிறகு சிக்னலைத் திறந்தார். வேகமான டேட்டாபேஸில் காம்பிரா அழகாகப் பச்சையானது. வந்தாச்சு.

"நான் எழுதினது எங்கை?" என்றார் டொக்டர்.

"தோத்துப் போச்சு டொக்டர். சேர் மூணு நிமிசம் பிந்தி எழுதினாரு, அதனால அவரு சொன்னதுதான் உண்மைன்னு எடுத்துக்கிச்சு."

"இவர் எப்பவும் பிந்தித்தானே எழுதுவார்! அதுக்காக நான் சொன்னது பொய்யோ?"

அந்தப் பெண் தெரிவு செய்த டேட்டாபேஸில் அதே பரிசோதனையைச் செய்தபோது, காம்பிரா சிவப்பாகி இரண்டு பதிவும் அருகருகே நின்றன. எதையும் தெரிவு செய்யாமல் மனிதரைக் கூப்பிட்டது. டொக்டர் தன் பதிவு உயிரோடு இருப்பதைக் கண்டு கட்சி மாறினார்.

நான் மாறவில்லை. மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும்போது ஒரு காம்பிராவுக்கு ஒரு பதில்தான் இருக்க வேண்டும் என்றேன். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யச் செயலாளருக்கு ஒரு பொத்தான் வேண்டும் என்றேன். போட்டுக் கொடுத்தார். ஆனால் பொத்தானுக்கு மேலே ஒரு கட்டமும் போட்டார். 'நேரில் போய்ப் பார்த்தவர் யார்?' பெயர் எழுதாமல் பொத்தானை அமுத்த ஏலாது.

இன்னொன்றிலும் நான் வென்றேன். பதிவைக் காம்பிராவுக்கு ஒன்று என்று போட வேண்டாம், அடுப்புக்கு ஒன்று என்று போடுங்கள் என்று அவர் சொன்னார். "ஒரு காம்பிராவுல ரெண்டு குடும்பம் இருக்கும் சேர். மக கட்டிக்கிட்டு வந்து இஸ்தோப்ப அடைச்சு உலை வைப்பா." இஸ்தோப்பு என்பது காம்பிராவின் முன் விறாந்தை. தோட்டத்துப் பேரேட்டில் காம்பிரா இலக்கம்தான் இருக்கிறது, அடுப்பு என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை என்றேன். அவர் எதிர்த்ததையும் அறிக்கையில் எழுதினேன், அவர் பார்த்துக்கொண்டிருந்ததால்.

அந்த ஐப்பசியில் மழை ஒரு சனிக்கிழமை காலையில் வலுத்தது. பத்து மணிக்குச் சிவப்பு எச்சரிக்கை. ஹந்தானைத் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில் இருபத்திரண்டு காம்பிரா. லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விட்டிருப்பதாகத் தகவல். எங்கள் தொண்டர்கள் இரண்டு பேர் டெப்போடு போனார்கள், ஒருவர் பாடசாலைக்கு, ஒருவர் கோவில் மண்டபத்துக்கு. மதியம் சிக்னல் போனது. மேல்மாடியில் டொக்டர், நான், அவர் மூவரும் சாம்பல் நிறமாக இருந்த இருபத்திரண்டு கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டொக்டர் வாங்கி வைத்த சோற்றுப் பார்சல்களை யாரும் பிரிக்கவில்லை.

இரண்டரை மணிக்குச் சிக்னல் சில நிமிடம் வந்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. இருபத்தொன்று பச்சை. பதினான்கு மட்டும் சிவப்பு. கோவில் மண்டபத்து டெப் இரண்டு பத்துக்கு எழுதியது: வரவில்லை. பாடசாலை டெப் இரண்டு இருபத்தைந்துக்கு எழுதியது: வந்தாச்சு, நான்கு பேர். அதோடு சிக்னல் மறுபடியும் போய்விட்டது. இரண்டு தொண்டர்களில் ஒருவருக்கும் அழைப்புப் போகவில்லை.

பேரேட்டைப் பார்த்தேன். பதினான்காம் காம்பிரா, நான்கு பேர். வந்ததும் நான்கு பேர்.

"கணக்குச் சரிதானே மிஸ். முதல்ல வரல்ல, பொறகு வந்திருக்காங்க."

"இருக்கலாம் சேர்."

தொலைபேசி அடித்தது. மாவட்டத்தில் மீட்பு வாகனங்களைப் பிரித்து அனுப்பும் அதிகாரி, மூன்றாவது தடவையாக. கடுகண்ணாவைப் பக்கம் ஒரு கார் மேல் மண் விழுந்திருக்கிறது, உள்ளே இரண்டு பேர், சத்தம் கேட்கிறது. ஹந்தானை அடிவாரத்தில் எங்களுக்காக நிற்கும் லொறியையும் ஆட்களையும் அங்கே அனுப்ப வேண்டும். உங்கள் ஆட்கள் எல்லோரும் இறங்கியாயிற்றா இல்லையா, ஆம் அல்லது இல்லை, என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு நிமிடம் தாருங்கள் என்றேன்.

அங்கே இரண்டு பேர் நிச்சயமாக இருக்கிறார்கள். இங்கே ஒருவர் இருக்கிறாரா என்பதே தெரியாது.

கட்டத்தில் என் பெயரை எழுதினேன். கஷ்டமாக இருக்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் "நேரில் பார்வையிட்டேன்" என்று எத்தனை மதகுகளுக்குக் கதிரையில் இருந்தபடியே கையெழுத்து வைத்திருப்பேன்! ஒரு மதகும் முறைப்பாடு செய்ததில்லை. 'வந்தாச்சு' என்பதைத் தெரிவு செய்து பொத்தானை அமுத்தினேன். இருபத்திரண்டும் பச்சை. ஆம் என்றேன். லொறி புறப்பட்டது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், எப்பப் போனீங்க?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார்.

"பிள்ளை, இந்த மழையுக்கை எங்கை போறீர்?" என்றார் டொக்டர்.

"சேரு பாத்ததா எழுதிட்டாரு டொக்டர். இனி யாராச்சும் போய்ப் பாத்துத்தானே ஆகணும்?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்கியது. ஜன்னலால் பார்த்தேன். முதலாவது ஓட்டோக்காரன் மலைப்பக்கம் கையைக் காட்டி, தலையை ஆட்டி மறுத்தான். இரண்டாவதும் மறுத்தான். மூன்றாவது ஏற்றிக்கொண்டது. ஓட்டோ திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. இனி அந்த லயத்துக்குள் இவரும் இருப்பார். மலை வந்தாலும் என் திரையில் அந்த இடம் பச்சையாகத்தான் இருக்கும். யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

அதிகாரிக்கு எடுத்தேன். லைன் கிடைக்கவில்லை. திரும்ப எடுத்தேன், கிடைக்கவில்லை. டொக்டர் தன் போனில் எடுத்தார். நாலாவதோ ஐந்தாவதோ தடவையில் கிடைத்தது.

"நான் பார்க்கவில்லை" என்றேன். "பார்த்ததாகச் சொன்னது பொய். ஒரு காம்பிரா தெரியாது. லொறியைத் திருப்புங்கள்."

அதற்கு அவர் சொன்ன சொல்லை நான் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை, இங்கும் எழுதவில்லை. லொறி திரும்பியது. கட்டத்தில் 'நான் பார்க்கவில்லை' என்று எழுதி, பொத்தானை மறுபடி அமுத்திப் பதினான்கைச் சிவப்பாக்கினேன். மணி இரண்டு ஐம்பத்தொன்று.

அதன்பிறகு ஒன்றேகால் மணிநேரம் எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. டொக்டர் நாலு தடவை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மழை குறைந்தமாதிரி ஒருகணம் கேட்கும், பிறகு இன்னும் அதிகமாகப் பெய்யும். நான் கதிரையில் இருந்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு.

நாலு மணி தாண்டித்தான் அவர் அழைத்தார். மூச்சு வாங்கியது.

"சேர், இஸ்தோப்புல ரெண்டாவது அடுப்பு, பேரேட்டுல இல்லாத குடும்பம். மருமக புள்ள பெத்து ஒம்பது நாளு, வயித்தக் கிழிச்சு எடுத்தது. நடக்க ஏலாது. மாமியாக்காரியும் கைப்புள்ளையும் கூட. புருசன் கொழும்புல. பக்கத்துக் காம்பிராக்காரங்கதான் கோவில்ல சொல்லியிருக்காங்க, பதினாலுல ஆளு இருக்குன்னு."

"லொறி?"

"வந்துருச்சு. தூக்கியாச்சு. நாங்க இப்பக் கோவில்ல."

பாடசாலையில் எழுதியதும் உண்மை. கோவிலில் எழுதியதும் உண்மை. பொய்யாக இருந்தது நான் எழுதியது ஒன்றுதான்.

அன்று மாலை மண் இறங்கி வந்து லயத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றது. சுவர் விழவில்லை. அந்த மூன்று பேரும் அங்கேயே இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்களோ என்னவோ. கடுகண்ணாவையில் வேறொரு லொறி போய்ச் சேர்ந்து, காருக்குள் இருந்த இருவரையும் உயிரோடு எடுத்தது. ஒருவரின் கால் நசுங்கியிருந்தது. எங்கள் லொறி திரும்பாமல் போயிருந்தால் அரைமணிநேரம் முந்தியிருக்கும். அந்த அரைமணிநேரத்தில் கால் தப்பியிருக்குமா என்பதும் யாருக்கும் தெரியாது.

பத்து நாளில் முறைப்பாடு வந்தது. முதலில் ஆம் என்று சொல்லி, பிறகு இல்லை என்று சொல்லி வாகனத்தை அலைக்கழித்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. "செயலியின் தரவுத்தளம் ஒரே காம்பிராவுக்கு முரண்பட்ட இரு பதிவுகளைக் காட்டியமையால் ஏற்பட்ட தொழினுட்பக் குழப்பம் காரணமாக" என்று தொடங்கினேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. டொக்டர் வாசித்துவிட்டு நிம்மதியானார்.

"அப்ப அந்த மற்றதுக்கே மாறுவம்" என்றார். "அதிலை இந்தச் சண்டையே வராது. மகனும் இதைத்தான் சொன்னவன்."

செயற்குழுவில் மற்றவர்களும் தலையாட்டினார்கள். கடிதம் போனால் அந்தப் பெண்ணின் டேட்டாபேஸ் போய்விடும். அடுத்த மழைக்கு, பிந்தி எழுதுபவர் சொன்னதே உண்மையாகிவிடும். தொழினுட்ப ஆலோசகர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தும் வேண்டும் என்பதால் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்து பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

இரண்டு தரம் வாசித்தார்.

"சேர் எழுதினத அனுப்புங்க. அதோட இன்னொரு தாளும் நான் தாறேன். ரெண்டையும் வைங்க."

குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, டேட்டாபேஸில் இருந்ததைப் பார்த்து எழுதினார். நாலே வரி.

2.10 கோவில்: வரவில்லை.
2.25 பாடசாலை: வந்தாச்சு, நான்கு பேர்.
2.37 செயலாளர்: நேரில் பார்த்தேன், வந்தாச்சு.
2.51 செயலாளர்: நான் பார்க்கவில்லை.

கையெழுத்து வைத்து, தாளை என் முன்னால் தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துபோனார். அழிக்க முடியுமா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் படியிறங்கிவிட்டார்.

இரண்டு தாளையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தேன். என் தாளில் பதினாறு வரி, எல்லாம் முறைப்படி. பக்கத்தில் அந்த நாலு வரியை வைத்ததும் அது நாறத் தொடங்கியது. அடுத்த நாள் அவருடைய தாளில் இருந்ததையே தட்டச்சுச் செய்தேன். கீழே, முறைப்பாட்டுக்குக் காரணம் மூன்றாவது வரி என்றும், அதை எழுதியவன் நான் என்றும் சேர்த்துக் கையெழுத்து வைத்து அனுப்பினேன். காம்பிராவுக்கு ஒரு பதிவு என்பதை அடுப்புக்கு ஒரு பதிவு என்று மாற்றச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம். கீழ்ப்பிரிவின் இருபத்திரண்டு காம்பிராவில் முப்பத்தோரு அடுப்பு இருந்தது.

அவர் பின்னர் வெளிநாடு போய்விட்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, குண்டசாலையில்தான் இருக்கிறார் என்று இன்னொருவர் சொன்னார்.

கடிதம் போன அடுத்த மாதக் கூட்டத்தில், நீண்ட கலந்துரையாடலுக்குப் பிறகு, செயலாளரை மாற்றினார்கள். டேட்டாபேஸை மாற்றவில்லை.